போஸ்ட்ஃபிக்ஸ் ஏலியாஸ்: பொது ஃபைலா, வெர்ச்சுவல் மேப்பா?

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில், ஒரு முகவரிக்கு வரும் மெயிலை வேறொருவருக்குத் திருப்பும் ஏலியாஸை இரண்டு இடங்களில் எழுதலாம்: பொதுவான ஏலியாசஸ் ஃபைல், அல்லது வெர்ச்சுவல் மேப். ஒரே சர்வரில் இரண்டு மூன்று டொமைன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். 'இன்ஃபோ' என்ற முகவரி கடை டொமைனிலும் உண்டு, பள்ளி டொமைனிலும் உண்டு. மெயில் யாருக்குப் போக வேண்டும்?

டொமைன் பிரிப்பு
ஏலியாசஸ் ஃபைல்: இடப்பக்கம் வெறும் பெயர்தான். 'இன்ஃபோ: குமார்' என்று எழுதினால், மைடெஸ்டினேஷனில் (சர்வர் தன் சொந்த யூசர்களுக்காக மெயில் ஏற்கும் டொமைன்களின் பட்டியல்) உள்ள எல்லா டொமைனின் இன்ஃபோவும் குமாருக்கே. பள்ளிக் கட்டணம் பற்றிய கடிதம் கடைக்காரரிடம் போய் நிற்கும்.
வெர்ச்சுவல் மேப்: இடப்பக்கம் முழு முகவரி. கடையின் இன்ஃபோ குமாருக்கு, பள்ளியின் இன்ஃபோ மாலாவுக்கு என்று தனித்தனியாக அனுப்பலாம்.

புரோகிராமுக்கு அனுப்புவது
ஏலியாசஸ்: பைப் (|) குறி போட்டு மெயிலை ஸ்கிரிப்டுக்கே தரலாம்.
வெர்ச்சுவல்: முடியாது, இன்னொரு முகவரிக்குத்தான் திருப்பும்.

மாற்றிய பிறகு
ஏலியாசஸ் ஃபைலுக்கு நியூஏலியாசஸ், வெர்ச்சுவலுக்கு போஸ்ட்மேப் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். ஹாஷ் மேப் (எழுதிய ஃபைலிலிருந்து தனியாக உருவாக்கப்படும் தேடல் ஃபைல்) என்றால் இதை மறந்தால் பழைய வழியிலேயே போகும்.

ரூட், போஸ்ட்மாஸ்டர் போன்ற சிஸ்டம் பெயர்களுக்கு ஏலியாசஸ் ஃபைலே போதும். டொமைனுக்கு டொமைன் ஆள் மாறினால், சந்தேகமே வேண்டாம், வெர்ச்சுவல்தான். ஆனால் ஒரே டொமைனை மைடெஸ்டினேஷனிலும் வெர்ச்சுவல் ஏலியாஸ் டொமைன் பட்டியலிலும் (எல்லா முகவரியும் வேறு முகவரிக்கே திரும்பும் டொமைன்கள்) சேர்த்து எழுதிவிடாதீர்கள். அப்புறம், மொத்த டொமைனையும் பிடிக்கும் கேட்ச்-ஆல் வரியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். இல்லாத பெயர்களுக்கு வரும் ஸ்பாம் முழுவதும் உள்ளே வந்துவிடும்.