கார் ஸ்பீக்கர் வயருக்கு ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டர்: வாங்கலாமா?

கதவு ஸ்பீக்கர் மாற்றும்போது வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது பல இடங்களில் வழக்கம். வெயில் சூட்டில் டேப்பின் பசை இளகி, சுற்று அவிழும். இரண்டு வயரும் உரசினால் ஆம்ப்ளிஃபயருக்கே ஆபத்து. அதற்குப் பதில், உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் பட் கனெக்டரை (இரு வயர் முனைகளை உள்ளே வைத்து அழுத்தி இணைக்கும் சிறு உலோகக் குழல்; மேலுறை சூட்டில் சுருங்கி இறுகும்) தாராளமாக வாங்கலாம்.

வயர் 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. வரை என்றால் சிவப்பு கனெக்டர், 1.5 முதல் 2.5 வரை நீலம். ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு கனெக்டர் போதும், வயருக்கு ஒன்று. முனையை 7-8 மி.மீ. சீவி, ஓர் இழைகூட அறுபடாமல் செருகி, ராட்செட் கிரிம்பரால் (முழுதாக அழுத்திய பிறகே விடும் கனெக்டர் அழுத்தும் கருவி) இரு பக்கமும் அழுத்துங்கள். கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம். உறை கிழியும், பிடிப்பும் நிற்காது. இழுத்துப் பாருங்கள், கழன்றால் வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிறகுதான் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி). ஓரத்தில் பசை லேசாகக் கசியும்வரை சூடு காட்டினால் மழைநீர் உள்ளே போகாது.

சால்டரிங் மோசமில்லை. ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடும்; கதவு சாத்தும் அதிர்வில் அதன் விளிம்பில்தான் ஒடியும். டி-டாப் கிளிப் (வயரை வெட்டாமல் மேலிருந்து குத்திக் கவ்வும் கிளிப்) மட்டும் கூடாது, அது இழைகளையே அறுக்கும்.

ஒரு குறை: அழுத்தியதைக் கழற்ற முடியாது. அதனால் கம்பெனி சாக்கெட்டை வெட்டாமல், ஹார்னஸ் அடாப்டர் (அந்த சாக்கெட்டில் அப்படியே செருகும் வயர் இணைப்பு) வாங்கி அதன் வயரில் போடுங்கள்.