கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் ப்ளஸ்: லாக் பட்டனுக்காக வாங்கலாமா?

பெங்களூரு அவென்யூ ரோட்டில் கால்குலேட்டர் வாங்கப் போனால், விலையோடு லாக் (மடக்கை) பட்டன் எத்தனை என்றும் பாருங்கள். எஃப்எக்ஸ்-82எம்எஸ்ஸில் இரண்டுதான்: லாக் என்றால் அடிமானம் 10, எல்என் (இயல் மடக்கை) என்றால் அடிமானம் 2.71828. இஎஸ் ப்ளஸ்ஸில் மூன்றாவதும் உண்டு. எக்ஸ் இன்வர்ஸுக்கு வலப்பக்கம், அடியில் குட்டிக் கட்டத்தோடு இருக்கும். கட்டத்தில் 2, அடுத்து 16 போட்டால் 4 (2-இன் 4-ஆம் அடுக்குதானே 16). கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களுக்கு இந்த ஒரு பட்டனே போதும்.

இது இருந்தும் பழைய பழக்கத்தில் லாக் 16 வகுத்தல் லாக் 2 என்று அடிப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். இஎஸ்ஸில் லாக் அழுத்தினால் அடைப்புக்குறி தானே திறக்கும். 16-க்குப் பின் நாம் மூடாவிட்டால் வகுத்தலும் உள்ளே போய்விடும். 4-க்குப் பதில் 1.7255 வரும். எம்எஸ்ஸில் குறி திறப்பதில்லை, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே வரியில் அடிக்கும் லைன் மோடில் லாக்(2,16) என்று அடிமானம் முதலில் வரும். எக்செலிலும் பைத்தானிலும் அடிமானம் இரண்டாவது. மாற்றிப் போட்டால் எரர் காட்டாது, விடை தலைகீழாகி 0.25 என்று நிற்கும். எக்செலில் அடிமானம் தராவிட்டால் 10, பைத்தானின் மேத்.லாக்கில் இயல் மடக்கை. ஆளுக்கொரு வழக்கம்!

என்சிஇஆர்டி பன்னிரண்டாம் வகுப்புத் தொகையிடலில் வெறும் லாக் என்றாலே இயல் மடக்கைதான். அங்கே லாக் 2 என்பது 0.6931, லாக் பட்டன் தருவதோ 0.3010. வேதியியலில் கதை நேரெதிர். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 0.00032 என்றால் பிஎச் 3.49. எல்என் தட்டினால் 8.05 வந்து அமிலம் காரமாகிவிடும். கணிதக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 80000-2 தரம் அடிமானம் 10-க்கு எல்ஜி, 2-க்கு எல்பி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. பட்டனில் அதை அச்சிட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். இப்போதைக்கு, பட்டனுக்கு மேலே ஷிஃப்ட் எழுத்தைப் பாருங்கள்: 10-இன் அடுக்கு இருந்தால் அடிமானம் 10.

எம்எஸ்ஸைவிடக் கூடுதல் காசு, ஆனால் தகும். கேட் (பொறியியல் முதுகலை நுழைவு) தேர்வுக்கென்று மட்டும் வாங்காதீர்கள். உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், திரையில் வரும் கால்குலேட்டர்தான்.