ஆர்டி-பிசிஆர் லேபா, ட்ரூநாட் மெஷினா?

வைரஸோட மரபணுவ வச்சு தொத்த கண்டுபுடிக்க ரெண்டு வழி: நிறைய சாம்பிள ஒண்ணா பாக்கற ஆர்டி-பிசிஆர் லேப், சின்ன சிப் போட்டு பாக்கற ட்ரூநாட் மெஷின். எத வைக்கறதுங்கறது 2020ல கொரோனா டெஸ்ட்ட எப்படியாச்சும் கூட்டணும்னு ஆஸ்பத்திரிங்க ஓடுனப்ப வந்த கேள்வி, அடுத்த தொத்துநோய் வந்தாலும் இதே கேள்விதான் வரும்.

எண்ணிக்கை: பிசிஆர் பிளேட்ல 96 குழி, டெஸ்ட் சரியா ஓடுதான்னு பாக்க வைக்கற கன்ட்ரோல் போக மிச்சமெல்லாம் சாம்பிள்.
ட்ரூநாட்ல ஒரு சிப்புக்கு ஒரு ஆளோட சாம்பிள்தான், நாலு ஸ்லாட் மெஷின்லயும் ஒரு நேரத்துக்கு நாலுதான்.

நேரம்: பிசிஆர் நாலஞ்சு மணி நேரம்னு சொல்லுவாங்க, ஆனா பிளேட் நிறையணும், சாம்பிள் வண்டி வரணும், சாம்பிள்லேர்ந்து ஆர்என்ஏ (வைரஸோட மரபணு) பிரிக்கணும், பைப்பெட் புடிச்சு கை மரத்துப்போன டெக்னீஷியன் ஷிஃப்ட் மாறணும், கடைசில ரிசல்ட் மறுநாள்தான்.
ட்ரூநாட் சுமார் ஒரு மணி நேரம். 2020ல முதல்ல வந்த முறைல, முதல் சிப்ல பாசிட்டிவ்னா உறுதிப்படுத்த இன்னொரு சிப் போட வேண்டியிருந்துச்சு, அத மறந்துட்டு கணக்கு போடாதீங்க.

இடம்: பிசிஆருக்கு தனித்தனி ரூம், கிருமி வெளிய பரவாம தடுக்கற பயோசேஃப்டி கேபினட், ஃப்ரீசர், நல்லா பழகுன ஆளுங்க.
ட்ரூநாட் கோவாவுல டிபிக்காக செஞ்ச மெஷின், பேட்டரில ஓடும், மேசை இருந்தா போதும். மூக்கு, தொண்டைல சாம்பிள் எடுத்த ஸ்வாப்ப (பஞ்சுக் குச்சிய) லைசிஸ் பஃபர்ங்கற வைரஸ உடைக்கற திரவத்துல போட்டதுமே வைரஸ் செயலிழந்துடும்ங்கறதால பாதுகாப்பு தலைவலியும் கம்மி.

செலவு: கூட்டம் இருந்தா பிசிஆர்தான் மலிவு. பாசிட்டிவ் 2 சதவீதத்துக்கும் கம்மியா இருக்கற ஏரியால அஞ்சு சாம்பிள ஒண்ணா கலந்து பாக்கலாம்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரே 2020 ஏப்ரல்ல சொல்லுச்சு, கிட் எவ்ளோ மிச்சம் பாருங்க!

மாவட்ட அளவுல ஆயிரக்கணக்குல பாக்கணும்னா பிசிஆர். ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவ வலியோட வர்றவங்க, அவசர ஆபரேஷன் கேஸ், தாலுகா ஆஸ்பத்திரி, இதுக்கெல்லாம் ட்ரூநாட். பெரிய ஆஸ்பத்திரின்னா கேஷுவாலிட்டி பக்கத்துலயும் ஒண்ணு வச்சிடுங்க.