ஆய்வுக்கான கையெழுத்தைச் சிகிச்சைக்கான கையெழுத்து என்று நம்பிப் போட்டுவிடாதீர்கள்

என் அப்பாவுக்கு வயது 68. 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தும், காலையில் கிளிமிபிரைடு, இரு வேளையும் மெட்ஃபார்மின் என்று சர்க்கரை மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு, வயலுக்கும் வீட்டுக்கும் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்த மனிதர். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எங்கள் பகுதியின் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் அவருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். அதே வரிசையில் இன்றைக்கும் யாராவது ஒருவருடைய தாயோ தந்தையோ கையில் பேனாவுடன் நின்றுகொண்டிருக்கலாம் என்ற கவலையால்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கமான பரிசோதனைக்காக அப்பா தனியாகத்தான் போயிருந்தார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, டோக்கன் எண்ணுக்காக ஓ.பி. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரிடம், வெள்ளைக் கோட்டு அணிந்த இளைஞர் ஒருவர் வந்து, "ஐயா, உங்களுக்குப் புது சுகர் மாத்திரை இலவசமா தர்றோம், டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ, ஒவ்வொரு தடவை வரும்போதும் 500 ரூபா பஸ் செலவுக்குக் கொடுப்போம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் மருத்துவர் அல்ல, புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருந்து ஆய்வு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் என்பது எங்களுக்குப் பல வாரங்கள் கழித்தே தெரிந்தது. பதினான்கு பக்க ஆங்கிலப் படிவத்தில் நான்கு இடங்களில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. வேலை என்ன, ஆண்டு வருமானம் எவ்வளவு, நாமினி யார் என்றெல்லாம் கேட்டதால், "ஏதோ காப்பீட்டுத் திட்டத்துல சேர்க்கிறாங்கன்னு நினைச்சேம்மா" என்றார். ஆய்வில் சேர்பவருக்கு உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் படிவத்தில் நாமினி கேட்கப்படுகிறார் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. படிவத்தின் நகலும் தரவில்லை.

பழைய மாத்திரைகளை நிறுத்திவிடும்படி சொல்லி, எண் மட்டும் ஒட்டிய ஒரு குப்பியைக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் வாரத்தில் வீட்டுக் கருவியில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 280-ஐத் தாண்டியது. நான் அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தபோது, புது மருந்து உடம்பில் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும், வேறெந்த மாத்திரையும் கொடுத்துவிட வேண்டாம் என்றார். அந்தச் சொல்லை நம்பியதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. ஐந்தாம் வாரத்தில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் சேர்ந்து, ஓர் இரவு வாந்தி எடுத்துச் சோர்ந்து விழுந்தவரை அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை 486. படிவத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிராத டூட்டி டாக்டர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்க, எண் ஒட்டிய குப்பியைத்தான் எங்களால் காட்ட முடிந்தது. அவசர எண் என்று எங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த எண்ணை அந்தப் பெண் மருத்துவரே மூன்று முறை அழைத்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. விடியும்வரை இன்சுலினும் குளுகோஸ் கலக்காத உப்பு நீரும் ஏற்றிக்கொண்டு, மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்து, அப்பாவை மீட்டவர் அவர்தான். அந்த நன்றியை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியாது.

இரண்டு நாள் ஐ.சி.யூ., நான்கு நாள் வார்டு, ஆகமொத்தம் 41,000 ரூபாய்க்கு பில் வந்தது. ஆய்விலிருந்து விலகுகிறோம் என்று சொன்னபோது, அப்படியென்றால் வாங்கிய பயணப்படியைத் திருப்பிக் கட்ட வேண்டும், இனிமேல் இந்தப் பிரிவில் பார்க்க மாட்டார்கள் என்று அந்த இளைஞர் சொன்னார். அதற்குப் பிறகுதான் நான் விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்களிடம் சொன்னவற்றில் எவ்வளவு பொய் என்று தெரிந்தது.

இந்தியாவில் புது மருந்து ஆய்வுகளுக்கு 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் பொருந்தும். ஆய்வைப் பற்றிய தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; இரண்டின் நகலும் அவர் கைக்கு வர வேண்டும்; எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் அவருக்குரிய சிகிச்சை குறையக் கூடாது. ஒரு பிரிவினருக்கு மருந்தும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கும் ஆய்வு என்றால், அந்த மாத்திரைக்கு எந்தக் குணமும் இல்லை என்பதையும், யாருக்கு எது என்பது குலுக்கல் போல முடிவாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அப்பாவின் குப்பியில் இருந்தது அந்த வெற்று மாத்திரை. ஐந்து வாரம், எந்தச் சர்க்கரை மருந்தும் இல்லாமல் எங்கள் கண்ணெதிரே அவர் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சை இலவசமாகத் தரப்பட வேண்டும் என்பதும், வழக்கமான சிகிச்சை இருந்தும் ஆய்வுத் திட்டப்படி அதைத் தராமல் வெற்று மாத்திரை கொடுத்ததால் நேரும் தீங்கும் இதில் அடங்கும் என்பதும் அதே விதிகளில் இருக்கின்றன. ஆய்வில் இருப்பவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் நிலை வந்தாலே அது கடுமையான பாதகம் என்ற கணக்கில் வரும். 24 மணி நேரத்துக்குள், ஆய்வுக்குப் பொறுப்பான முதன்மை ஆய்வாளர் அதை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் மத்திய அதிகாரிக்கும் மருந்து நிறுவனத்துக்கும், ஆய்வில் சேர்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அப்பாவைச் சேர்த்து ஒன்பது நாள் கழித்து, நான் எழுத்தில் கேட்ட பிறகே, தெரிவித்திருக்கிறார்கள்.

இப்படி எழுதுவதால் மருந்து ஆய்வே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம்தான், மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் கிடக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டும் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று நிரூபித்தது. ஆய்வில் சேர்ந்த எளிய மனிதர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதால்தான், தெரியாமல் ஒருவரைச் சேர்ப்பது எனக்கு இவ்வளவு கோபத்தைத் தருகிறது.

ஒப்புதல் படிவத்தின் நகலை மூன்று கடிதங்களுக்குப் பிறகு பெற்றேன். சாட்சி என்ற இடத்தில் அந்த நேரத்தில் அங்கே இல்லாத ஒரு வார்டு ஊழியரின் கையெழுத்து இருந்தது. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்தில் 2009-இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டதை நாடாளுமன்ற நிலைக்குழு கண்டித்தது. அதைச் செய்தியாகப் படித்த காலத்தில், எங்கோ மலையடிவாரத்தில் நடப்பது என்று நினைத்திருந்தேன்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெரியவர்களைப் பெரிய மருத்துவமனைக்குத் தனியாக அனுப்பும்போது, "இலவச மருந்து" என்று யாராவது படிவம் நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லிக்கொடுங்கள். உண்மையான ஆய்வாளர் அதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால் அங்கேயே எழுந்துவிடலாம். "இது எனக்கான சிகிச்சையா, உங்கள் ஆய்வா?" என்று மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள். தகவல் தாளில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்க வேண்டும். ஆய்வாளர் பதில் சொல்லாவிட்டால் புகார் அங்கேதான் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் இணையத்தில் நடத்தும் சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுகளின் பதிவேட்டில், ஆய்வின் பதிவு எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். வெற்று மாத்திரை உண்டா, எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். நான் அதைப் பார்த்தது அப்பா ஐ.சி.யூ.வில் இருந்த இரண்டாம் நாள். முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் 280 என்ற எண்ணைக் கண்டதும் பழைய மாத்திரையைக் கொடுத்திருப்பேன். குப்பிகள், பில்கள், தொலைபேசி அழைப்புகளின் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் புகார் நிற்பது அவற்றின் மேல்தான்.

நெறிமுறைக் குழு விசாரித்த பிறகு, பில் தொகை எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இழப்பீடு பற்றிய கேள்வி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் இருக்கிறது. அடுத்த கடிதத்துக்காகக் காத்திருக்கிறோம். அப்பா பழைய மாத்திரைகளுக்கே திரும்பிவிட்டார். சைக்கிளை இன்னும் எடுக்கவில்லை.