மீட்டர் குறைந்த பழைய வண்டியா, ஓடித் தீர்த்த புது வண்டியா? ரேடியேட்டர் பக்கம் இருந்து ஒரு பார்வை

இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 12 வயது, ஓடியது 28,000 கிலோமீட்டர். இன்னொன்றுக்கு 4 வயது, 1,10,000 கிலோமீட்டர். மீட்டரைப் பார்த்ததும் மனசு முதல் வண்டிப் பக்கம் சாயும். கிளட்ச், இன்ஜின் தேய்மானம் என்று பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் இன்ஜினைக் குளிரூட்டும் பாகங்களில் பெரும்பகுதி ரப்பர், பிளாஸ்டிக், கூலன்ட் என்ற ஒரு திரவம். இவற்றுக்குக் கிலோமீட்டர் தெரியாது.

கூலன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் அப்படியே இருக்கும், நிறமும் இருக்கும், ஆனால் அதில் கலந்திருக்கும் துருத்தடுப்புச் சேர்மங்கள் வருடங்கள் போகப் போகத் தீர்ந்துவிடும், அப்புறம் திரவம் மெல்ல அமிலத் தன்மைக்குத் திரும்பி அலுமினியத்தை அரிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் பழைய வகைக்குச் சுமார் 2 ஆண்டு, கரிம அமில வகைக்குச் சுமார் 5 ஆண்டு என்று கிலோமீட்டரோடு காலக்கெடுவும் சேர்த்துச் சொல்கிறார்கள். "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்கிற உரிமையாளரிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

கூலன்ட் ஓடும் ரப்பர் குழாயான ஹோஸ் விஷயத்திலும் முதல் வண்டிதான் தோற்கும். ரப்பர் உள்ளிருந்து கெடுகிறது. இரு முனைகளிலும் இருக்கும் உலோகங்களுக்கு நடுவே கூலன்ட் ஒரு மின்கலம் போல வேலை செய்து, கிளிப்புக்குப் பக்கத்தில் உட்புறமாக நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இன்ஜின் ஆறியபின் நடுவில் ஒரு முறை, கிளிப்பை ஒட்டி ஒரு முறை விரலால் அழுத்திப் பாருங்கள். முனை மட்டும் கொழகொழவென்று அமுங்கினால் அந்த ஹோஸ் முடிந்தது.

பிளாஸ்டிக்கில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். ரேடியேட்டரின் இருபக்கத் தொட்டிகள் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். சூடான கூலன்ட்டில் எத்தனை மணி நேரம் ஊறியது என்று பார்த்தால் இரண்டாவது வண்டிக்கே பாதிப்பு கூட. எத்தனை முறை சூடாகி ஆறியது என்று பார்த்தால் தலைகீழ். முதல் வண்டி ஒவ்வொரு தடவையும் 3 கிலோமீட்டர் மட்டுமே போயிருந்தால் 9,000 தடவைக்கு மேல் விரிந்து சுருங்கியிருக்கும். இரண்டாவது தினமும் போக ஒன்று, வர ஒன்று என்று ஓடியிருந்தால் 3,000 தடவைகூட வராது. நைலான் தொட்டி அலுமினியத்தோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் கேஸ்கெட்டுக்கு இந்த எண்ணிக்கைதான் எமன்.

வாட்டர் பம்ப்? பேரிங் தேய்வது ஓட்டத்தால், அங்கே இரண்டாவது வண்டிக்குத்தான் அடி. ஆனால் பம்பின் சீலை வழவழப்பாக வைத்திருப்பது கூலன்ட்டின் மெல்லிய படலம். மாதக்கணக்கில் நின்றால் உப்புப் படிவு சீல் முகங்களில் ஒட்டிக்கொள்ளும், மறுபடி கிளப்பும்போது சுரண்டிவிடும். பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்த கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துக் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), ரேடியேட்டர் மூடி இரண்டும் சின்னச் செலவு, பழைய வண்டியில் யோசிக்காமல் மாற்றலாம். மூடியின் ரப்பர் இறுகிவிட்டால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லையென்றால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் கல்லடி என்பது மட்டும் நெடுஞ்சாலை வண்டிக்கே உரிய தொல்லை.

குளிரூட்டும் பாகங்களை மட்டும் வைத்துச் சொன்னால், கூலன்ட் மாற்றிய பில் இருக்கிற பட்சத்தில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். மீட்டர் குறைந்ததுதான் வேண்டும் என்றால் சரி, கூலன்ட், எல்லா ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட், பெல்ட் இவற்றுக்கான பணத்தைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள். பம்பை டைமிங் பெல்ட் சுழற்றும் இன்ஜின் என்றால் பம்பையும் பெல்ட்டோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள், அந்தப் பெல்ட்டுக்கும் வருடக் கெடு உண்டு.

நின்றே பழகிய வண்டியைத் தினமும் ஓட்ட ஆரம்பித்ததும் கசிவுகள் வெளியே வரும். அதனால் முதல் மாதம் இரவில் இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏசியிலிருந்து. நிறத்தோடு, தொட்டால் வழுக்கி, லேசாக இனிப்பு வாசனை அடித்தால் கூலன்ட்.