பள்ளிக்கு வந்து மின்கழிவு வகுப்பு எடுக்கிறவர்கள்: கூப்பிடலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். காட்பாடி பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்கழிவு, அபாயக் கழிவு பற்றி அரை நாள் வகுப்பு எடுக்க வெளியிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். பெயர் போடவில்லை, கீழே கொஞ்சம் திட்டும் இருக்கிறது. அதோடு, வேலூர் சுற்றுவட்டாரத்தில் இப்போது இந்த மாதிரி வகுப்பு எடுப்பவர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிட்டாலும் கேட்டுக்கொள்ள வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

கட்டணம் மாணவருக்கு 50 ரூபாய், வண்டிச் செலவு தனி. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழைய சாமான்களை அவர்களே எடுத்துப்போய் முறையாக மறுசுழற்சிக்குக் கொடுப்பார்கள் என்பதும் அந்தக் காசில் அடக்கம். எங்கள் ஹெச்.எம். சரி என்றதே இந்த இரண்டாவது பாதிக்காகத்தான். லேப் ஸ்டோர் ரூமில் செத்துப்போன கம்ப்யூட்டர்கள் மேல் தூசி ஏறிக்கொண்டே இருந்தது.

முதலில் நல்லது. வழக்கமாக இப்படி ஒரு வகுப்பு என்றால் ப்ரொஜெக்டரை மாட்டுவார்கள், பூமி அழுகிற மாதிரி ஒரு படம் காட்டுவார்கள், கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைப்பார்கள், குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர்கள் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், தடித்த கையுறை எல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு மேசையில் பட்டன் போன்கள், ஒன்றில் சி.பி.யூ., ஒன்றில் மிக்ஸி மோட்டார். நடு மேசையில் 14 இன்ச் கலர் டிவி ஒன்று, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அதே கவர்மெண்டு டிவி. 2006-ல் தொடங்கி 2011 வரை தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள் இல்லையா, அதில் ஒன்று. இன்றைக்கு அவையெல்லாம் எங்கே என்று வகுப்பு எடுத்த பெண் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் "பரண் மேல" என்றார்கள், மீதிப் பேர் "பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்றார்கள். நல்ல தொடக்கம்.

டிவியின் பின்மூடியை முன்கூட்டியே கழற்றி, பிக்சர் டியூபில் தங்கியிருக்கும் மின்னழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் என்பதைச் சொன்னார்கள், எப்படி இறக்குவது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பசங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டதற்கே தனி மார்க் கொடுக்கலாம். அப்புறம் டியூபின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றிய யோக்கைப் பொறுமையாகத் தளர்த்திக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பையன் சொன்னான்:

"அக்கா, இதுக்கு இவ்ளோ நேரம் ஆவாது. கழுத்துல ஒரு தட்டு தட்டினா யோக் தனியா வந்துடும். எங்க மாமா கடைல அப்படித்தான் பண்ணுவாங்க."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இங்க வா தம்பி, செம்பு எங்க இருக்குன்னு உங்க மாமாவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். அந்தக் கண்ணாடிய அப்புறம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"ஏரிக்கரைல கொட்டிடுவாங்க."

வகுப்பின் மிச்ச நேரம் முழுக்க இந்த ஒரு பதிலைச் சுற்றியே போனது. டியூபுக்குள் வெற்றிடம் இருப்பதால் கழுத்தில் தட்டினால் கண்ணாடி உள்நோக்கி நொறுங்கித் தெறிக்கலாம், திரையின் உட்பக்கம் பூசியிருக்கும் பொடி மூச்சோடு போகும். அந்தப் புனல் வடிவக் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. எதற்கு அவ்வளவு ஈயம் என்றால், உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே வெளியே வந்து பார்க்கிறவர் மேல் படாமல் இருக்கத்தான். டிவி ஓடுகிற வரைக்கும் நம்மைக் காப்பாற்றிய ஈயம் ஏரிக்கரையில் நொறுங்கிக் கிடக்கும்போது மண்ணுக்கும் தண்ணிக்கும் இறங்குகிறது, சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். இதை ஸ்லைடில் போட்டிருந்தால் ஒருத்தனும் எழுதிக்கொண்டிருக்க மாட்டான். மாமா கடைப் பையன் அன்றைக்கு முழுக்க முன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. காயலாங்கடைக்காரர்களை வில்லனாக்கவில்லை. பேரீச்சம்பழம் கொடுத்து இரும்பு வாங்கிய காலத்திலிருந்து நம் வீட்டுக் குப்பையைக் குறைத்துவருவது அவர்கள்தான். ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுப்பது, சர்க்யூட் போர்டை ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் எடுப்பது, இந்த இரண்டும்தான் ஆளைக் கொல்லும் என்று பிரித்துச் சொன்னார்கள். பி.வி.சி. ஒயரை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அதற்குப் பதில் கத்தியால் கீறி உறையை உரித்தாலும் செம்பு அதே செம்புதான், கருகாமல் பளிச்சென்று இருப்பதால் விலைகூடக் கொஞ்சம் நன்றாகப் போகும். இந்தத் தகவல் அந்தப் பையன் வழியாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வீட்டு அபாயக் கழிவு பகுதி சின்னது, ஆனால் உபயோகமானது. சி.எஃப்.எல். பல்பு உடைந்தால் துடைப்பம் போடக்கூடாது, ஜன்னலைத் திறந்து ஃபேனை அணைத்து வெளியே வந்துவிட வேண்டும், பத்து நிமிடம் கழித்து அட்டையால் அள்ளி, மிச்சப் பொடியை செல்லோ டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட பாட்டிலில் போட வேண்டும். உள்ளே இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான், பயப்படத் தேவையில்லை, விளையாடத்தான் கூடாது. உப்பிப்போன மொபைல் பேட்டரியை அழுத்திப் பார்க்காதே, குத்தாதே, முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வை, குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை வண்டியே தீப்பிடிக்கும் என்றார்கள். காலாவதி மாத்திரை, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து பாட்டில், ஊசி, எல்லாம் 2016 திடக்கழிவு விதிகளிலேயே தனியாகப் பிரிக்கச் சொன்னவை. சி.எம்.சி. மருத்துவமனை எதிரே லாட்ஜில் அப்பா வேலை பார்க்கும் ஒரு பெண், அறைகளைக் காலி செய்பவர்கள் இன்சுலின் ஊசியை அப்படியே கூடையில் போட்டுப் போகிறார்கள், கூட்டுகிற அக்காவுக்குக் கையில் குத்தியிருக்கிறது என்று சொன்னாள். தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி வைக்கச் சொன்னார்கள். வேலூரில் இது எத்தனை லாட்ஜுக்குப் பொருந்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி குறைகள்.

ஸ்லைடுகள் யாரோ எங்கேயோ செய்தவை. மின்கழிவு குவியும் இடங்கள் என்று கானாவின் அக்போக்ளோஷி வந்தது, சீனாவின் குய்யூ வந்தது, டெல்லி சீலம்பூர் வந்தது. உலகத்தில் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம் என்ற எண்ணும் வந்தது. எல்லாம் உண்மை, ஆட்சேபம் இல்லை. ஆனால் தலைப்பிலேயே "அபாயக் கழிவு" என்று போட்டுவிட்டு வேலூர்ப் பிள்ளைகளிடம் ராணிப்பேட்டை பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போவது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. 2019 வரை நம் மாவட்டமாகவே இருந்த ஊர். தோல் பதனிடும் தொழிலுக்கு ரசாயனம் தயாரித்த குரோமேட் ஆலை 1990-களில் மூடிப்போனது, விட்டுப்போன குரோமியக் கழிவு லட்சக்கணக்கான டன் அங்கேயே குவிந்து கிடந்தது, நிலத்தடி நீர் மஞ்சளாக வந்தது. 2006-ல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க நிறுவனம் பட்டியல் போட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. 2015 ஜனவரி கடைசியில் சிப்காட் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலாற்றுத் தோல் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக உட்கார்ந்தது அந்த வழக்கில்தான். எங்கள் வகுப்பில் வாலாஜா, மேல்விஷாரத்தில் சொந்தக்காரர்கள் இருக்கும் பிள்ளைகள் நிறைய, தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வீடுகளும் உண்டு. கானாவைக் காட்டிய நேரத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கியிருந்தால் அந்தப் பிள்ளைகளே வகுப்பு எடுத்திருப்பார்கள். நான் மறுநாள் என் பீரியடில் இதைச் சொன்னேன், கேள்வி முடியவில்லை, பெல் அடித்த பிறகும் கேட்டார்கள்.

சட்டம் பற்றிய ஸ்லைடும் பழசு. இன்னும் 2016 மின்கழிவு விதிகளையே காட்டுகிறார்கள். 2022-ல் புது விதிகள் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழைய பட்டியலில் 21 வகைப் பொருட்கள், புதியதில் 106. இஸ்திரிப் பெட்டி, பொம்மை, மருத்துவக் கருவி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. காசு வாங்குகிறவர்கள் இதையாவது மாற்றிக்கொண்டு வரவேண்டாமா? பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டும்தான், எங்களுடையது தமிழ்வழிப் பிரிவு என்று முன்பே சொல்லியிருந்தோம். கேட்டால் "அடுத்த தடவை பண்ணிடலாம் சார்".

பெரிய குறை கடைசியில் இருக்கிறது. பிள்ளைகள் ஒரு வாரம் சேர்த்துக் கொண்டுவந்ததையும் ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டர்களையும் ஒரு குட்டி யானையில் ஏற்றினார்கள். எடை போடவில்லை. கையால் எழுதிய ரசீதில் "பழைய எலக்ட்ரானிக் பொருட்கள் - 1 லோடு" என்று இருந்தது, அவ்வளவுதான். எங்கே போகிறது என்று கேட்டேன். "சென்னை பக்கம் சார்." சென்னை பக்கம் என்றால்? ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும், அதில் எது என்பதுதான் கேள்வி. வண்டி ஓட்டி வந்தவருக்கும் தெரியவில்லை. பலமுறை போன் போட்ட பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு எடைச் சீட்டு வந்தது, இதை எழுதும் வரை ஆலையின் சான்றிதழ் வரவில்லை. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை, சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புவதால் தாமதமாகிறது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் கண்ணாடியை என்ன பண்ணுவாங்க என்று ஒரு பையனை எல்லோர் முன்னாலும் கேட்டவர்களை, எங்கள் டிவியை என்ன பண்ணினீர்கள் என்று நாங்கள் கேட்கத்தான் செய்வோம். அந்தப் பையனே என்னிடம் வந்து, "சார், நம்ம டிவி எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டான்.

ஆகவே, கூப்பிட நினைக்கும் பள்ளிகளுக்கு: வகுப்புக்காகக் கூப்பிடலாம், தாராளமாக. பிரித்துக் காட்டும் அந்தப் பகுதி 50 ரூபாய்க்கு மேலேயே பெறும். ஸ்லைடு வேண்டாம், மேசை மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள், ராணிப்பேட்டையை உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரே எடுக்கட்டும். சாமான்களைக் கொடுப்பதாக இருந்தால் ஆலையின் பெயரை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள், வண்டியில் ஏற்றும் முன் பள்ளியிலேயே எடை போடுங்கள். கம்ப்யூட்டர் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், மாணவர் விவரம் எல்லாம் அதில் இருக்கும். கையுறை பெரியவர்கள் அளவில்தான் கொண்டுவருகிறார்கள், சின்னக் கைகளுக்கு நழுவுகிறது, நீங்களே சின்ன சைஸ் வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு குழுவுக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் வெள்ளிக்கிழமை மதியம் தேதி கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், தொழுகைக்குப் போகிற பிள்ளைகள் டிவி பிரிப்பதைத் தவறவிடுவார்கள்.