மின்ட் மூடிய பிறகு எங்கள் வீட்டு வரவு செலவு

வீட்டு வரவு செலவு பார்க்க வைத்திருந்த மின்ட் ஆப்புக்குப் பதிலாக எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது ஆக்சுவல் பட்ஜெட். அதற்கு முன்னால் ஒரு சந்தாக் காலம் முழுக்க மோனார்க் என்ற ஆப்பில் இருந்தோம். நடுவில் ஒய்நாபையும் (YNAB) இலவசக் காலம் முடியும்வரை வைத்துப் பார்த்தோம். மூன்றுமே நல்ல ஆப்கள்தான். ஆனால் ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் குடும்பத்துக்கு இவை எங்கே கைகொடுக்கும், எங்கே இடிக்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது டெக்சாஸில். இரண்டு சம்பளம், வீட்டுக் கடன், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மதுரையில் அம்மா.

மின்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2007-ல் வெளிவந்த ஆப். 2009-ல் இன்ட்யூட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. வங்கி, கிரெடிட் கார்டு, கடன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இழுத்துக் காட்டும். பயன்படுத்துபவரிடம் காசு வாங்காது. கிரெடிட் கார்டு, கடன் விளம்பரங்களில்தான் அதற்கு வருமானம். 2023 இறுதியில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. முதலில் 2024 ஜனவரி 1 என்றார்கள், பிறகு மார்ச் 23 வரை தள்ளினார்கள். இன்ட்யூட் தன்னுடைய இன்னொரு சேவையான கிரெடிட் கர்மாவுக்கு எல்லாரையும் வரச் சொன்னது. அங்கே சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பார்க்கலாம். ஆனால் மளிகைக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று மாத வரம்பு வைக்கும் வசதி அப்போது அங்கே இல்லை. எங்களுக்கு வேண்டியதே அதுதான். ஆகவே அந்தப் பக்கம் போகவில்லை.

மூடுவதற்கு முன் தகவலை எடுத்து வைத்ததுதான் முதல் வேலை. மின்ட் கொடுத்த சிஎஸ்வி கோப்பில் (ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கக்கூடியது) தேதி, விவரம், தொகை, வகை, கணக்கின் பெயர் எல்லாம் இருந்தன. நாம் போட்டிருந்த பட்ஜெட் வரம்புகள் அதில் வராது. கணக்கில் அன்றன்றைக்கு எவ்வளவு இருந்தது என்பதும் வராது. அதில் இன்னொரு சங்கதியும் உண்டு. வரவானாலும் செலவானாலும் தொகை நேர் எண்ணாகவே இருக்கும். எது வரவு, எது செலவு என்பது பக்கத்துப் பத்தியில் தனியாக இருக்கும். அதைக் கவனிக்காமல் வேறு ஆப்பில் ஏற்றினால் செலவெல்லாம் வருமானமாகிவிடும். பழைய மின்ட் கோப்பை இன்னும் எங்காவது வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மோனார்க். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் மின்டின் ஆரம்ப காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். உள்ளே நுழைந்ததும் அந்தப் பரிச்சயம் தெரியும். மின்ட் கோப்பை ஏற்றுவதற்கென்றே வழி செய்து வைத்திருந்தார்கள். வருடத்துக்கு சுமார் 100 டாலர். கணவனும் மனைவியும் தனித்தனி லாகினில் ஒரே கணக்கைப் பார்க்கலாம், அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. சம்பளம் ஒரு பக்கம் ஆறு போல் நுழைந்து வாடகை, மளிகை, காப்பீடு என்று கிளை பிரிவதைக் காட்டும் படம் ஒன்று உண்டு. முதல் தடவை அதைப் பார்த்தபோது இரண்டு பேரும் வெகுநேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மாதங்கள் போகப் போக ஒன்று புரிந்தது. நாங்கள் ஆப்பைப் பார்ப்பது செலவு நடந்து முடிந்த பிறகுதான். ஒரு மாசக் கடைசியில் மனைவி சொன்னாள்: "காசு எங்க போச்சுன்னு அழகா காட்டுதுங்க. அடுத்த மாசம் போகாம இருக்க இதுல என்ன இருக்கு?" மோனார்க்கிலும் பட்ஜெட் போடலாம், வரம்பு வைக்கலாம். ஆனால் எல்லாம் தானாக வந்து தானாக வகை பிரிந்து நிற்கும்போது நாங்கள் தொடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. தொடாத கணக்கு எங்கள் மனசில் நிற்கவில்லை. இது எங்கள் சுபாவம். தானாக ஓடுவதுதான் வேண்டும் என்பவர்களுக்கு மோனார்க்கை இப்போதும் தயங்காமல் சொல்வேன்.

எந்த ஆப் எடுத்தாலும் முதல் வாரமே சரிசெய்ய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை வழியாகப் போகும் தொகையைத் தானாக வகை பிரிக்கும் ஆப்கள் பெரும்பாலும் 'டிரான்ஸ்ஃபர்' என்று எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் என்றால் நம்முடைய ஒரு கணக்கிலிருந்து நம்முடைய இன்னொரு கணக்குக்குப் போவது என்று பொருள். அதனால் செலவு அறிக்கையில் அது சேராது. கிரெடிட் கார்டு பில் கட்டுவதை இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது; அந்த வேலைக்குச் சரியானதும்கூட. ஆனால் அம்மாவின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அனுப்பும் பணம் அந்த ஓட்டையில் விழுந்துவிடுகிறது. மாதச் செலவு குறைவாகத் தெரியும், கையிருப்பு மட்டும் ஏனோ ஏறாது. பணம் அனுப்பும் சேவையின் பெயர் வந்தால் 'அம்மா' என்ற வகையில் செலவாகச் சேர் என்று ஒரு விதி போட்டுவிட்டால் தீர்ந்தது. விதி போடும் வசதி மோனார்க்கிலும் இருக்கிறது, ஆக்சுவலிலும் இருக்கிறது.

ஒய்நாபுக்கு வருகிறேன். 2004-லிருந்து இருக்கிறது. வருடத்துக்கு 109 டாலர், பார்த்துப் பழக 34 நாள் இலவசம். இதன் முறையே வேறு. அடுத்த மாதம் இவ்வளவு வரும், அதில் இவ்வளவு செலவழிக்கலாம் என்று ஊகம் கிடையாது. இன்று கையில் இருக்கும் ஒவ்வொரு டாலரையும் ஏதாவது ஒரு வகையில் போட்டு வைக்க வேண்டும். மளிகையில் தீர்ந்துபோனால் வெளியில் சாப்பிடும் வகையிலிருந்து எடுத்துப் போட வேண்டும். அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பால் காசு, பேப்பர் காசு, சீட்டுக் காசு என்று தனித்தனி டப்பாவில் வைத்திருந்தார்களே, அச்சு அசலாக அதே முறைதான். எங்களுக்கு வேண்டியது இதுதான் என்று ஒய்நாபின் இலவசக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. அதன் பாடங்களும் மிக நன்றாக இருக்கின்றன. காசு கொடுக்காவிட்டாலும் படித்துப் பாருங்கள்.

அதே முறை, ஆனால் தகவல் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் ஆக்சுவல் பட்ஜெட். ஜேம்ஸ் லாங் என்பவர் கட்டணச் செயலியாக நடத்தி வந்தது. 2022-ல் அதைத் திறந்த மூலமாக்கிவிட்டார், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார். இப்போது தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், இலவசம். வீட்டில் சும்மா கிடந்த பழைய கணினியில் நிறுவியிருக்கிறேன். அதெல்லாம் முடியாது என்பவர்கள் இணையத்தில் இடம் வாடகைக்குத் தரும் பிகாபாட்ஸ் போன்ற இடத்தில் மாதம் ஓரிரு டாலருக்கு ஓடவிடலாம். எக்ஸ்போர்ட் என்று அழுத்தினால் மொத்தக் கணக்கும் ஒரு ஜிப் கோப்பாக இறங்கிவிடும்; உள்ளே இருப்பது எஸ்க்யூலைட் (SQLite) என்ற சாதாரண தரவுத்தளக் கோப்பு. நாளைக்கு ஆக்சுவலே இல்லாமல் போனாலும் அதை வேறு மென்பொருளில் திறந்து படிக்கலாம். மின்ட் மூடியதைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்லத் தேவையில்லை.

மின்ட் கோப்பை இதில் ஏற்றக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆக்சுவல் ஒவ்வொரு கணக்காகத்தான் ஏற்றும், மின்ட் கோப்பிலோ எல்லாக் கணக்கும் கலந்து கிடக்கும். ஸ்ப்ரெட்ஷீட்டில் கணக்கின் பெயரை வைத்துப் பிரித்துக்கொண்டு, ஏற்றும்போது வரவா செலவா என்று சொல்லும் பத்தியைக் காட்டிக் கொடுக்க வேண்டும். கடைசி ஒரு வருடத்தை மட்டும் ஏற்றினேன். அதற்கு முந்தையது ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து வருடத்துக்கு முந்தைய பெட்ரோல் செலவால் இந்த மாதத்துக்கு ஒரு பயனும் இல்லை.

வங்கி இணைப்புக்கு சிம்பிள்ஃபின் என்ற சேவை. வருடத்துக்கு 15 டாலர். படிக்க மட்டும்தான் அனுமதி. அதன் வழியாக யாரும் பணத்தை நகர்த்த முடியாது. எங்கள் கிரெடிட் யூனியனின் (கூட்டுறவு வங்கி மாதிரி) இணைப்பு மட்டும் அடிக்கடி அறுந்துபோகும், மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். எந்த ஆப்பில் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே அந்தக் கணக்கை நானே கையால் எழுதத் தொடங்கினேன். கையால் எழுதும் கணக்குதான் இப்போது எனக்கு மனப்பாடமாக இருக்கிறது.

எல்லாப் பொருளும் கிடைக்கும் காஸ்ட்கோ கடையின் பில் ஒரு நல்ல உதாரணம். வங்கியில் ஒரே வரியாக 312 டாலர் என்று வரும். அதில் அரிசி இருக்கும், பையனின் காலணி இருக்கும், காருக்கு டயர்கூட இருக்கலாம். எல்லாவற்றையும் மளிகை என்று விட்டால் மளிகை பட்ஜெட்டுக்கு அர்த்தமே இல்லை. பில்லை மேசையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மூன்றாகப் பிரிப்போம். இதைச் செய்யும்போதுதான் பேச்சு வரும்: இந்தக் காலணி இப்போது தேவைதானா, பள்ளி திறக்கும்போது வாங்கியிருக்கலாமே என்று.

ஆக்சுவலால் எங்களுக்குக் கிடைத்த பெரிய பலன் ப்ராப்பர்ட்டி டேக்ஸ் விஷயத்தில்தான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்கும் சேர்த்து வீட்டு வரி கையைக் கடிக்கும். வருடக் கடைசியில் பில் வரும், ஜனவரி 31-க்குள் கட்டினால் அபராதம் இல்லை. வீட்டுக் கடன் கொடுத்தவரே மாதாமாதம் வாங்கி வைத்து வரியைக் கட்டும் எஸ்க்ரோ ஏற்பாடு எங்களுக்குக் கிடையாது, நாங்களே நேரடியாகக் கட்டுகிறோம். முன்பெல்லாம் டிசம்பர் வந்தால் சேமிப்பிலிருந்து பெரிய தொகையைப் பிடுங்கி எடுப்போம், பொங்கல் சமயத்தில் கை காலியாக இருக்கும். இப்போது பிப்ரவரியிலிருந்தே பன்னிரண்டில் ஒரு பங்கை அந்த வகையில் போட்டு வருகிறோம். கணக்கில் பணம் இருப்பது தெரியும், ஆனால் அது நம்முடையது இல்லை என்பதும் அதே திரையில் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கார் காப்பீடு, ஊருக்குப் போகும் விமான டிக்கெட் எல்லாம் இதே வழிதான். போன கோடையில் டிக்கெட்டைக் கடன் இல்லாமல் எடுத்தோம்.

ரூபாய்க் கணக்குதான் இதில் பெரிய குறை. ஆக்சுவலில் இரண்டு நாணயங்களை ஒரே கோப்பில் சேர்த்துப் பார்க்க முடியாது. இங்குள்ள இணைப்புச் சேவைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் ஊர் வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கை எட்டவும் எட்டாது. அதனால் ஊர்க் கணக்குகளுக்குத் தனியாக ஒரு கோப்பு, ரூபாயிலேயே வைத்திருக்கிறேன். அதைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (FBAR) என்ற அறிக்கையை அமெரிக்க அரசிடம் தாக்கல் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் அந்த வருடத்தில் அதிகபட்சம் எவ்வளவு இருந்தது என்று அதில் கேட்பார்கள். வரவு செலவு வரிசையாக எழுதப்பட்டிருந்தால் இருப்புப் பத்தியைப் பார்த்தே அந்த எண்ணைச் சொல்லிவிடலாம். ஸ்டேட்மெண்ட்களைத் தேடி எடுக்க வேண்டிய வேலை இல்லை. இரண்டு நாணயமும் ஒரே இடத்தில்தான் வேண்டும் என்றால் க்னூகேஷ் என்ற மென்பொருளைப் பாருங்கள். அது இலவசம், பல நாணயங்களைக் கையாளும். ஆனால் ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு கணக்குகளில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

வேறு குறைகளும் உண்டு. ஆக்சுவலுக்குக் கடையிலிருந்து இறக்கும் போன் ஆப் இல்லை. பிரவுசரில் திறந்து முகப்புத் திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 401 கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பு, பங்கு முதலீடுகளை அது அலசித் தராது. அவற்றின் மொத்த மதிப்பை மாதம் ஒருமுறை நானே எழுதுகிறேன். பழைய கணினியில் நிறுவிய ஆக்சுவலை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி போன மாதம் இதையே கேட்டான். அவனுக்கு மோனார்க்கைத்தான் சொன்னேன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பில் பிரிக்க நேரம் அமையாது. ஆளுக்கொரு லாகினில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்வது அவர்களுக்குத் தோதாக இருக்கும். பணம் அனுப்பும் சேவைக்கு விதி போடுவதை மட்டும் போனிலேயே கூட இருந்து செய்ய வைத்தேன்.